கொழுந்தனா என்று கேட்டவர்

மங்கையர்க்கரசி கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பட்டார். பட்டது சரிதான் என்பது என் கட்சி.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம் அவருடையது. ஊரார் ஹிப்னாடிசம் என்று சொல்வதை அவர் வலிக்கும் பயத்துக்கும் மருந்தாகச் செய்துவந்தார். தீராத தலைவலிக்காரர்கள், பிரசவத்துக்குப் பயந்த பெண்கள், தூக்கம் கெட்டவர்கள் என்று வருவார்கள். அவர்களை மயக்கத்தில் ஆழ்த்தி, நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லி, எழுப்பி அனுப்புவார். அவரிடம் அதைக் கற்றுக்கொண்ட சீடர் சங்கரலிங்கம், குருவைவிட வயதில் மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கேள்வி கேட்டால் பதில் வந்தே ஆகவேண்டும் என்று பழகிப்போன மனிதர்.

அவர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டுத் தலைகால் புரியாத பெருமையோடு வந்தார். அந்த ஊரில் இசக்கியம்மாள் என்ற பெண்ணின் மகன், சின்னப் பிள்ளை, கிணற்றில் விழுந்து இறந்துபோயிருந்தான். அவள் அந்தக் கிணற்றடியில்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எப்படி விழுந்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் தெரியவில்லை என்றே சொல்லி அழுதாள். அதிர்ச்சியில் அவள் மறந்துபோனதை, மயக்கத்தில் ஆழ்த்தித் தாம் வெளியே கொண்டுவந்துவிட்டதாகச் சங்கரலிங்கம் சொன்னார். பிள்ளையைத் தள்ளியவன் அவளுடைய கொழுந்தன் முப்பிடாதியாம். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். அவனை அடித்து நொறுக்கிப் போலீஸில் கொடுத்துவிட்டார்கள்.

என்ன வார்த்தை சொல்லிக் கேட்டீர்கள் என்று மங்கையர்க்கரசி விசாரித்தார்.

"கிணத்துப் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு கேட்டேம்மா. ஒண்ணும் சொல்லல. நல்லாப் பாரு, உன் கொழுந்தனான்னு கேட்டேன். ஆமான்னு கத்திட்டா."

"தகராறு விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஆனா மயக்கத்துல மனசு பொய் சொல்லாதும்மா."

மங்கையர்க்கரசி அவரை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மயக்கத்தில் ஆழ்த்தினார். பிறகு, முதன்முதலாக இந்த மடத்துக்கு வந்த அன்று வாசலில் நாய் கடித்ததே, எந்தக் காலில் என்று கேட்டார்.

சங்கரலிங்கம் இடது கால் என்றார். செவலை நாய் என்றார். வேட்டியெல்லாம் ரத்தம் என்று சொல்லிக் காலை இழுத்துக்கொண்டார்.

எழுப்பியபின் மங்கையர்க்கரசி, இந்த மடத்தில் என்றைக்கும் நாய் இருந்ததில்லை, உங்களை எதுவும் கடிக்கவும் இல்லை என்றார். சங்கரலிங்கம் வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைப் பார்த்தார். தழும்பு எதுவும் இல்லை.

"இப்ப நீங்க பொய் சொன்னீங்களா?"

"இல்லம்மா. பார்த்தேன். இப்பவும் கண்ணுக்குத் தெரியுது."

"அவளும் பொய் சொல்லல."

சங்கரலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. உடனே போகிறேன், அவளை மறுபடி மயக்கத்தில் ஆழ்த்தி அதை எடுத்துவிடுகிறேன் என்றார். அப்போதுதான் மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்தது. சமையற்கட்டில் இருந்தவர்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"மறுபடியுமா? வலியத் தணிக்கத்தான் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளையப் பறிகொடுத்தவ வாயில உங்க சந்தேகத்த ஊட்டிட்டு, அவ சொன்னான்னு வந்து நிக்கிறீங்களே. எடுத்துடுவீங்களா? மொதல்ல அந்த நாயை வெரட்டுங்க பார்ப்போம்."

சங்கரலிங்கம் கண்ணை மூடினார். நாய் அங்கேயேதான் நின்றது.

அவர்மேல் இரக்கப்பட எனக்கு மனமில்லை. அண்ணன் மகனைப் பறிகொடுத்தவன், துக்கத்தை ஆற்றிக்கொள்ளக்கூட விடாமல் அடிவாங்கி லாக்கப்பில் கிடக்கிறான். இவரோ இன்னும் விட்டபாடில்லை. உண்மையில் நடந்தது அவள் மனதில் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும் என்று இழுத்தார்.

துவைக்கிற கல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று மங்கையர்க்கரசி கேட்டார். தோட்டத்தைப் பார்த்து என்றார். கிணறு எங்கே என்று கேட்டார். அவளுக்கு முதுகுப் பக்கம் என்று சொன்ன சங்கரலிங்கம், சொன்னபிறகு தலையைத் தொங்கப்போட்டார்.

"முதுகுக்குப் பின்னாடி நடந்தத அவ எப்பப் பார்த்தா, மறக்கிறதுக்கு?"

நேரே ஸ்டேஷனுக்குப் போய், அவள் சொன்னதல்ல, நான் சொல்லவைத்தது என்று வாக்குமூலம் கொடுக்கச் சொன்னார் மங்கையர்க்கரசி. ஊரைக் கூட்டி வைத்தும் அதையே சொல்ல வேண்டும், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். சங்கரலிங்கம் சரி என்று எழுந்து செருப்பை மாட்டினார். படி இறங்கியவர் திரும்பி நின்றார்.

"இசக்கியம்மாகிட்ட என்னம்மா சொல்றது? இப்ப அவ அழறதுகூட இல்ல. எந்நேரமும் கொழுந்தனத் திட்டிக்கிட்டே இருக்கா. அதுலதான் கொஞ்சம் தெம்பா நடமாடுறா. அதையும் எடுத்துட்டா அவ என்ன ஆவா?"

மங்கையர்க்கரசியின் குரல் இப்போது தணிந்திருந்தது. கோபம் மட்டும் தணியவில்லை.

"அவளுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். அவ்வளவுதானே? முப்பிடாதிய வெளிய கொண்டுவந்துட்டு, அந்த எடத்துல நீங்க போய் நில்லுங்க."