அமைச்சரின் மீசைக் கொலை

முன்னொரு காலத்தில், புதிதாகத் தூக்குமரம் நட்டுவைத்துவிட்டு, அதில் தொங்க ஓர் ஆள் கிடைக்கவில்லையே என்று ஏங்கிய ராஜா ஒருவர் இருந்தார். நல்லவர்தான். பொழுதுதான் போகவில்லை.

அவர் சபையில் சாத்தப்பன் என்றொரு விகடகவி. அவன் பேச்சுக்கு ராஜா சிரிக்கச் சிரிக்க, அமைச்சர் வீரமுடியாருக்கு வயிறு எரியும். ஒருநாள் சாத்தப்பன் கையில் விளக்கோடு ராஜாவின் காதில் எதையோ கிசுகிசுத்தான். ஒட்டுக்கேட்க அமைச்சர் தலையை நீட்டினார். காது வந்து சேர்வதற்குள் மீசை முந்திக்கொண்டது. பாதி மீசை பொசுங்கிப் போயிற்று.

“மன்னா! மானமுள்ளவனுக்கு மீசை போனால் உயிர் போனதற்குச் சமம். இவன் என்னைக் கொன்றுவிட்டான்!” என்று அலறினார் அமைச்சர்.

ராஜாவின் பார்வை ஆசையோடு தூக்குமரத்தின் பக்கம் போனது. “கொலையேதான். போடுங்கள் தூக்கில்!”

காவலர்கள் கயிற்றை எடுக்கவும், சாத்தப்பன் கும்பிட்டான்.

“ஒப்புக்கொள்கிறேன், மன்னா. ஆனால் கொலையென்றால் செய்த கை வேண்டும், போன உயிர் வேண்டும், விழுந்த பிணம் வேண்டும். கை இதோ. உயிர் போய்விட்டதென்று போனவரே சாட்சி சொல்லிவிட்டார். பிணம்தான் இன்னும் நின்றுகொண்டு பேசுகிறது. முதலில் அதை எடுத்துவிடலாம். பிணத்தைக் காக்கவைப்பது பாவம்.”

ராஜாவுக்கு இது இன்னும் பிடித்துப்போயிற்று. பாடை வந்தது. சங்கு ஊதினார்கள். அமைச்சரைப் பிடித்துப் படுக்கவைத்துக் கட்டினார்கள். அவர் கத்தக் கத்த, “ஐயோ, என்ன அமைதியான முகம்!” என்று சாத்தப்பன் மூக்கைச் சிந்தினான். அமைச்சரின் மைத்துனர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார். விட்ட கையோடு போய் அமைச்சரின் ஆசனத்தில் உட்கார்ந்து, அளவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

அதைக் கண்டதும் வீரமுடியார் கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு எழுந்தார். சபைத் தமிழெல்லாம் பறந்துவிட்டது.

“எந்திரிடா டேய்! நான் சாகலடா! போனது உசுரு இல்லடா, வெறும் மசுரு!”

“செத்தவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார், மன்னா” என்றான் சாத்தப்பன்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம் முத்துமாலையைக் கழற்றி, கயிறு விழவிருந்த கழுத்தில் போட்டார். சாத்தப்பன் முத்துகளைத் தடவுகிற சாக்கில் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.