பதினோரு நாள் உள்ளேன் ஐயா

பஞ்சு மில் டைம் ஆபீஸில் இருபத்தொன்பது வருஷம் ஆள் வருகை எழுதி ஓய்வு பெற்ற சென்னியப்பன், மிச்ச நாளிலாவது நாலு நல்ல விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று மலையடிவாரத்து மடத்துக்கு வந்து மரகதவல்லி அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மையார் அவரைவிடப் பதினாறு வயது சின்னவர். ஆனாலும் அம்மையார் எதிரில் அவர் உட்கார மாட்டார்.

ஞானம் கேட்டு வந்தவருக்கு அம்மையார் கொடுத்தது மடத்துப் பள்ளியின் ஏழாம் வகுப்பு ரிஜிஸ்தரும் ஒரு பேனாவும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை வரவில்லை என்றால், அன்று சாயங்காலமே பக்கத்தில் உட்காரும் பிள்ளை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். காய்ச்சலா, திருவிழாவா, சண்டையா, என்னவென்று மறுநாள் வந்து சொல்ல வேண்டும். சென்னியப்பனுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை.

"இது பள்ளிக்கூடமா, ஒறம்பறை சொந்தக்காரங்க வீடா அம்மா? வராதவளைத் தேடிக்கிட்டுப் போனா, ஒழுங்கா வர்றவளுக்கு என்ன மரியாதை?"

"வேற என்ன செய்யலாம்ங்கிறீங்க?"

"லெட்டர் இல்லாம தொடர்ந்து பத்து நாள் வரலைன்னா பேரை அடிச்சிடணும். யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். விதி எல்லாருக்கும் ஒண்ணு."

சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி நீட்டினார். அம்மையார் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விதி வந்தது, ரிஜிஸ்தர் நிரம்பியது. ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் முழு வருகை. மனுஷருக்குப் பெருமையில் கால் தரையில் படவில்லை. மற்ற வாத்தியார்களைக் கூப்பிட்டு விரித்து விரித்துக் காட்டினார்.

அவர் பேர் கூப்பிடுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். குனிந்த தலை நிமிராது. கண் கட்டத்தில், பேனா கட்டத்தில், காது மட்டும் வகுப்பில். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் ஒரு கோடு. மில்லில் ஆயிரத்து இருநூறு பேர். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஷிப்டே முடிந்துவிடும். அந்தப் பழக்கம் இங்கே நாற்பத்தொரு பிள்ளைகளிடமும் அப்படியே வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை.

"பரிமளா."

பதில் இல்லை. வகுப்பில் யாரோ தும்மினார்கள். அவர் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

"மைனாவதி."

அதற்கும் பதில் இல்லை. சென்னியப்பன் தலையை நிமிர்த்தினார்.

"ரெண்டு பேரும் எங்க? நேத்து வந்தாங்களே."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டன. கடைசியில் முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"பரிமளாவுக்குக் காய்ச்சலுங்க ஐயா. அதான் மைனாவுக்குச் சொல்ல இன்னைக்கு ஆள் இல்லைங்க."

"என்ன சொல்ல?"

"உள்ளேன் ஐயா சொல்லங்க. மைனா வந்து பன்னெண்டு நாளாச்சுங்க."

சென்னியப்பனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பதினோரு நாள். மைனாவதி பேருக்கு நேரே பதினோரு கோடு, ஒன்றுகூடக் கோணாமல் நிற்கிறது. மற்ற வாத்தியார்கள் கேட்டபோது "வயித்து வலின்னு போய்ட்டா" என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் ரிஜிஸ்தரைப் பார்த்து, காலையில் வந்திருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். டைம் ஆபீஸில் சூப்பர்வைசர்களையே பிடித்தவர் காதில் ஒரு பன்னிரண்டு வயசுப் பெண் பூச்சுற்றியிருக்கிறாள்.

ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று அம்மையாரிடம் போனார்.

"ரெண்டு பேர் பேரையும் அடிச்சிடணும் அம்மா. ஒருத்தி வராததுக்கு, ஒருத்தி பொய் சொன்னதுக்கு."

"பரிமளா எதுக்குப் பொய் சொன்னாள்?"

"பத்து நாள் ஆனா கூட்டாளி பேரு போயிடும்னு."

"மைனாவதி எதுக்கு வரலை?"

"அது எனக்குத் தெரியாது. விதியில காரணத்துக்குப் பத்தி கிடையாதே."

சென்னியப்பன் விடுவதாய் இல்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா. விதி இல்லாம ஒரு பள்ளிக்கூடம் நடக்குமா?"

"நடக்காது."

"அப்ப அடிக்கட்டுமா?"

"அடிங்க. ஆனா இங்க வேண்டாம். ரிஜிஸ்தரையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு மைனாவதி வீட்டுக்குப் போங்க. அவ எதிரில விரிச்சு, அவ பார்க்க அடிச்சுட்டு வாங்க."

சென்னியப்பன் சளைக்கவில்லை. செருப்பை மாட்டினார், கிளம்பினார். நாலு மைல். வழியெல்லாம் என்ன சொல்லி அடிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். பட்டப்பகல் வெயிலில்கூட அவர் வேகம் குறையவில்லை.

தென்னந்தோப்பின் கடைசியில் ஓலை வேய்ந்த வீடு. வாசலில் தேங்காய் நார் காயப் போட்டிருந்தது. உள்ளே கட்டிலில் மைனாவதியின் அப்பா கருப்பணன், மரத்திலிருந்து விழுந்து முறிந்த காலை நீட்டிப் படுத்திருந்தான். அம்மா சரசாள் ஒரு பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மைனாவதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரைக் கண்டதும் பையைப் பின்னால் தள்ளினாள்.

"வாங்க ஐயா," என்றாள் சரசாள். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. கண்ணு கிளம்புறா."

"எங்க?"

"நூல் மில்லுக்குங்க. மூணு வருசம் அங்கயே தங்கி வேலை. சோறு, துணி எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்களாம். மூணு மணிக்கு வேன் வருது."

சென்னியப்பன் ரிஜிஸ்தரைத் திறக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

சரசாள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"முன்னெல்லாம் ஒரு நாள் வரலைன்னா பொழுது சாயறதுக்குள்ள யாராச்சும் வந்து நிப்பாங்க. இவங்கப்பா விழுந்த அன்னைக்கும் வருவாங்கன்னு பார்த்தேன். இத்தனை நாளா ஒரு ஈ காக்கா வரலைங்க. சரி, நம்ம புள்ள அங்க வேண்டாம்போல இருக்குன்னு நெனச்சுக்கிட்டோம். அப்புறந்தான் வேன்காரருக்குச் சரின்னு சொன்னது."

மைனாவதி சுவரோடு சுவராக நின்றாள். நாலு மாதமாக அவள் பேரைக் கூப்பிட்டிருக்கிறார். முகத்தை இன்றுதான் பார்க்கிறார். இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. மெல்லிய உடம்பு.

"உனக்குப் போக இஷ்டமா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள்.

சென்னியப்பன் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். சரசாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். எழுந்திருக்கவில்லை.

மூணு மணிக்கு வேன் வந்தது. பின்னால் ஏற்கெனவே ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புரோக்கர் இறங்கி வந்தான். வாசற்படியை மறித்து ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான்.

"யாருங்க நீங்க?"

"இவளோட வாத்தியார்."

"கொஞ்சம் வழி விடுங்க. நேரமாகுது."

"இவளுக்குப் பன்னெண்டு வயசு."

"அது ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க. ஆபீஸ்ல பதினெட்டுன்னு போட்டுக்குவாங்க."

"தெரியும். இருபத்தொன்பது வருசம் அப்படிப் போட்டவன் நான்தான்."

புரோக்கர் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்தான். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

"உன்னை மாதிரி ஒருத்தன் கூட்டிக்கிட்டு வருவான். நான் தலையை நிமிர்த்தாம எழுதுவேன். எத்தனை பேருன்னு எனக்கே கணக்கில்ல. ஒருத்தி முகமும் ஞாபகம் இல்ல. இப்ப வேன்ல இருக்கிறதுல எத்தனை பேருக்குப் பதினெட்டு ஆச்சு, சொல்லு. எந்த ஆபீசருக்கு எழுதினா நாளைக்கே வந்து நிப்பாருன்னு எனக்கு அத்துப்படி. வண்டி நம்பரை இந்த ரிஜிஸ்தர்ல குறிச்சாச்சு. வந்த ஊருக்கே அவங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடு."

புரோக்கர் கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கருப்பணனைக் கூப்பிட்டுப் பார்த்தான். கருப்பணன் கட்டிலிலிருந்தே, "வாத்தியார் சொல்றதைக் கேளுங்க," என்றான். சென்னியப்பன் படியை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. கடைசியில் வேன் வந்த வழியே திரும்பியது. அது போன திசையைப் பார்த்து நம்பரை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

"எல்லாம் சரிங்க ஐயா," என்றாள் சரசாள். "இவரு எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் ஒத்தை ஆளா நான் என்ன பண்ணுவேன்?"

"ரெண்டு வேளைச் சாப்பாடு மடத்துல இருந்து வரும்," என்றார் சென்னியப்பன். அம்மையாரைக் கேட்காமலே சொல்லிவிட்டார். "நார் காய வைக்க நான் வர்றேன். எனக்கு வேற என்ன வேலை? மைனா, நீ மட்டும் நாளைக்கு வரணும் கண்ணு. நீ வரலைன்னா நான் இங்க வந்து நிப்பேன்."

திரும்பும் வழியிலேயே அந்த ஆபீசருக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டார். பரிமளா வீட்டுக்கும் போய்க் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பெண் பயத்தில் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பேர் கூப்பிட்டு முடிக்க வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரமானது. ஒவ்வொரு பேருக்கும் தலை நிமிர்ந்தது. "மைனாவதி" என்றபோது அவள் எழுந்து நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பிறகு ரிஜிஸ்தரோடு அம்மையாரிடம் போய் நின்றார்.

"அடிச்சுட்டீங்களா?" என்றார் அம்மையார்.

"இல்லம்மா. அடிக்க முடியலை. ஆனா இப்ப ஒரு சிக்கல்."

"என்ன?"

"பதினோரு நாள் வந்ததா எழுதியிருக்கேன். அது பொய். அப்படியே விட்டா, மில்லுல எழுதின மாதிரிதான் இதுவும். வரலைன்னு திருத்தினா அது உண்மை. ஆனா பத்து நாளைத் தாண்டிடுது. நீங்களே கையெழுத்துப் போட்ட விதிப்படி அவ பேரு போயிடும். பொய்யை வெச்சு அவளைக் காப்பாத்தவா, உண்மையைச் சொல்லி வெளியே அனுப்பவா? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பிடிபடலை."

அம்மையார் ரிஜிஸ்தரை வாங்கி, அந்தப் பதினோரு கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"திருத்துங்க. பதினோரு நாளும் அவ வரலைன்னு எழுதுங்க."

"அம்மா..."

"எழுதுங்க. ஒவ்வொரு நாளுக்குப் பக்கத்திலயும், நாம தேடிப் போகலைன்னு எழுதுங்க. பதினோரு இடத்திலயும் முதல் கையெழுத்து நான் போடறேன், அடுத்தது நீங்க போடுங்க. அப்புறம் யார் பேரை அடிக்கிறதுன்னு பார்க்கலாம்."