பப்பாளிப் பாலும் அவசரக் கரடியும்

வெந்நீர் ஊற்று பொங்குகிற ஒரு காட்டில், பல் போன புலி ஒன்று இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பல், அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. காட்டெருமைக் கறியை அதனால் மெல்லவே முடியவில்லை. பசியோ வயிற்றைக் கிள்ளியது.

"நாளைச் சாயங்காலத்துக்குள் எனக்கு மெத்தென்ற கறி வேண்டும். இல்லாவிட்டால் முயல்தான். அதற்குப் பல்லே வேண்டாம்!" என்று உறுமியது.

செவந்தி என்கிற முயலுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் பாருங்கள், எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று குடைகிற குணம் அதற்கு.

புலி மெல்ல முடியாமல் எறிந்த கறி, பப்பாளி மரத்தடியில் கிடந்தது. கிளிகள் கொத்திய காயிலிருந்து பால் சொட்டிய இடம் மட்டும் குழைந்திருந்தது.

"அட, இங்கே மட்டும் ஏன்?" என்றது செவந்தி.

சும்மா விடுமா? பாலை எடுத்துக் கருணைக்கிழங்கில் தடவியது. கிழங்கு அசையவில்லை. கறியில் தடவியது. கறி இளகியது.

"ஓகோ! உனக்குக் கறியோடுதான் சிநேகமா?"

குளிர்ந்த ஓடையோரம் வைத்த துண்டு ஆடி அசைந்து இளகியது. வெயில் பட்ட பாறையில் வைத்ததோ மளமளவென்று இளகியது. அதிலிருந்து வழிந்த சாற்றை ஓர் இலையில் பிடித்து, இன்னொரு துண்டில் தடவிப் பார்த்தது. அதுவும் இளகிவிட்டது!

"இவ்வளவு வேலை பார்த்தும் நீ தீரவே இல்லையே!" என்று வியந்து, மீதிச் சாற்றைப் பத்திரமாக ஒதுக்கி வைத்தது.

மறுநாள் காலையில் கிளிகளைக் கெஞ்சி, மரத்துக் காய்களையெல்லாம் கீறவைத்து, ஒரு மூங்கில் குழாய் நிறையப் பால் பிடித்தது. புலிக்குக் கறி எடுத்துவைக்கும் கரடி வந்து எட்டிப் பார்த்தது. அவசரத்துக்குப் பெயர்போன கரடி அது. வெயில் சூட்டில் கறி மளமளவென்று இளகியதைச் செவந்தி சொன்னதுதான் தாமதம்.

"இளஞ்சூட்டுக்கே இந்த வேகமா? அப்போ கொதிக்கிற சூட்டுக்கு எப்படி இருக்கும்! கொண்டா இங்கே!"

"வேண்டாம் கரடியண்ணே! அதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை."

"நீ பார்த்துக்கொண்டே இரு!" என்று குழாயைப் பிடுங்கி, கொதிக்கிற ஊற்றில் முக்கி எடுத்தது கரடி. கறியில் பூசிப் பாறைமேல் வைத்தது. உச்சிவேளையில் புலி ஆசையாகக் கடித்தது.

மடக்!

"ஐயோ, கடைசிப் பல்லும் போச்சே!"

கரடி பதறியடித்து, மிச்சப் பாலை ஓடையில் ஆறவைத்துப் பூசியது. ஊகூம், பலிக்கவில்லை. கெட்டது கெட்டதுதான். புலியின் கண் செவந்திமேல் திரும்பியது.

"ராஜா, நீங்கள் சொன்ன கெடு சாயங்காலம்தானே? இன்னும் பொழுது இருக்கிறதே!"

"இருக்கிறது. நானும் இங்கேதான் இருக்கிறேன்" என்று அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது புலி.

மரத்தில் பால் இல்லை. குழாயில் இருந்ததும் பாழ். செவந்தி ஓடிப்போய் நேற்றைய இலையை எடுத்து வந்தது. கறியைக் கீறிக் கீறி அந்தச் சாற்றைத் தடவி, வெயில் பாறையில் வைத்துக் காத்திருந்தது. வெயில் சாய்ந்தது. புலி நாக்கைச் சப்புக்கொட்டியது.

பொழுது இறங்குவதற்குள் கறி பூவாகக் குழைந்துவிட்டது. புலி நாக்காலேயே நசுக்கி விழுங்கி ஏப்பம் விட்டது.

"பிழைத்துப் போ முயலே! நாளைக்கும் இதே கறிதான். கரடியே, இனி நீ அந்த ஊற்றுப் பக்கம் போனால் தெரியும் சேதி!"

கரடி அசடு வழிந்தது. "செவந்தி, அந்தப் பாலுக்கு என்னதான் ஆச்சு?"

"கொதித்ததில் அதன் சக்தி போய்விட்டது. ஏன் என்றுதான் நானும் யோசிக்கிறேன் அண்ணே" என்று செவந்தி மூங்கில் குழாயை முகர்ந்து பார்த்தது.

நீதி: எந்த வேலைக்கும் ஒரு பதம் உண்டு, அதை அறியாமல் அவசரப்பட்டால் உள்ளதும் கெடும்.