லண்டன் பாடம்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி முதலாளியின் மகன் ஹரிவர்தன். லண்டனில் சர்வதேச வணிகம் படித்துவிட்டு வந்தவன், வந்த வாரமே எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தான். பக்கத்தில் பனியன் வாங்கும் வெள்ளைக்காரர், அவருக்கு மொழிபெயர்க்க ஒரு ஆள்.

“உலகம் மாறிப்போச்சு. எங்கே கூலி கம்மியோ, வேலை அங்கே போகும். நாளையிலிருந்து பாதிக் கூலிக்குத் தைங்க. இல்லன்னா கம்பெனியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோயிடுவேன். சந்தேகம் இருந்தா கேளுங்க.”

பாதிக் கூலியில் வாடகைகூடத் தேறாது. தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டும் மாராயி மட்டும் எழுந்தாள்.

“நாங்க தைக்கிறோம், இவரு வாங்குறாரு. நீங்க என்ன வேலைங்க செய்றீங்க, சின்ன முதலாளி?”

“எங்கே கூலி கம்மின்னு தேடுறேன். அதைத்தான் படிச்சேன்.”

“அதை இவரே தேடிக்க மாட்டாருங்களா? நடுவுல நீங்க எதுக்குங்க?”

மொழிபெயர்த்ததும் வெள்ளைக்காரர் சிரித்தார். ஹரிவர்தன் முகம் செத்துப்போனது. அதன்பின் பாதிக் கூலிப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

அடுத்த சீசனுக்கு வெள்ளைக்காரர் வரவில்லை. ஆர்டரை நேராக ஆப்பிரிக்காவிலேயே கொடுத்துவிட்டார். கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது.

கேட்டுக்கு வெளியே நின்ற மாராயியிடம் ஹரிவர்தன் வந்தான். “எல்லாம் உங்க வாயாலதான்.”

“பாடம் எடுத்தது நீங்க,” என்றாள் அவள். “எங்களுக்குன்னுதான் எடுத்தீங்க. நல்லாப் படிச்சுக்கிட்டது அந்த வெள்ளைக்காரருங்க.”