சுவருக்குக் காய்ச்சல்

உங்கள் வீட்டு வெளிச்சுவரில் நெல்லிக்காய் அளவுக்கு, பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? விளக்குமாற்றைத் தேடுவீர்கள். ஓட்டைக்காட்டுச் செங்கோடனும் அவர் தம்பிகள் மாரப்பனும் காளியண்ணனும் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து யோசித்தார்கள்.

வெள்ளிக்கிழமை செங்கோடன் மகள் பாவாயிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் தறிக்காரர்கள். பெண்ணுக்கு நெய்யத் தெரியணும் என்று சொல்லிவிட்டார்கள். பாவம், மூன்று மாதம் நூலோடு மல்லுக்கட்டி ஒரே ஒரு துண்டு நெய்திருந்தாள். அதுவும் கோணல்.

"சுவத்துக்குக் கொப்புளம் வந்திருக்குது. புதுச் சுண்ணாம்பு ஒத்துக்கலை," என்றார் மாரப்பன்.

"கொப்புளம்னா காய்ச்சல் அடிக்கணுமே?" காளியண்ணன் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். உச்சி வெயில் நேரம். "அண்ணா, கொதிக்குது!"

நர்ஸம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இது சிலந்தி முட்டைப் பைங்க. உள்ளே நூறு முட்டை இருக்கும். பொரிக்கறதுக்குள்ளே விளக்குமாத்தை எடுங்க முதல்ல!"

எடுத்தார்கள். மூன்று நாள் முறை வைத்து, விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றார்கள்.

"கூட்டித் தள்ளுங்கப்பா!" என்று கத்தினாள் பாவாயி.

"எடுக்கத்தான் சொன்னாங்க, கண்ணு. கூட்டச் சொல்லலை."

அவள் பிடுங்கப் போனால் மூவரும் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பை பிரிந்தது. கடுகு சிதறினது போலச் சுவரெல்லாம் குஞ்சு.

செங்கோடன் விளக்குமாற்றைக் கீழே போட்டார். "நர்ஸம்மா வந்து பார்த்த வீடு. பிள்ளையும் பொறந்தாச்சு. தீட்டு வீட்டுல எப்படி நிச்சயம் வைக்கறது?"

"ஒரு பிள்ளைக்குப் பதினாறு நாள்," என்று விரல் மடக்கினார் காளியண்ணன். "நூறு பிள்ளைக்கு..." விரல் போதவில்லை.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்துவிட்டார்கள். செங்கோடன் வாசலிலேயே மறித்தார். "உள்ளே வராதீங்க சம்பந்தி. பிள்ளை பொறந்த தீட்டு."

"யாருக்குங்க?"

"சுவத்துக்கு."

மாப்பிள்ளையின் அம்மா கிட்டே போய் உற்றுப் பார்த்தார். குஞ்சுகள் ஆளுக்கோர் நேரான இழை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. பாவாயி கையிலிருந்த கோணல் துண்டை ஒருதரம் பார்த்தார். சுவரை மறுபடி பார்த்தார். பிறகு செங்கோடனைத் தனியாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"தீட்டுக் கழியற வரைக்கும் நாங்க காத்திருக்கறோம் சம்பந்தி. இந்தச் சுவத்துப் பொண்ணுங்கள்ல மூத்தவ எவள்னு மட்டும் காட்டிருங்க. இளையவளை முதல்ல கட்டினா ஊர் சிரிக்கும்."