பொறுமையான பெட்ரோலும் மணல்திட்டு மாப்பிள்ளையும்

அலையாத்திப்பேட்டைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் இருந்த கோளாறே அது ஒன்றுதான்.

அந்த ஊர்க் கலியமூர்த்திக்கும், உப்பங்கழிக்கு அக்கரையில் இருக்கும் கழிமேட்டுத் தையல்நாயகிக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கே மாப்பிள்ளை வீட்டார் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார்கள். "காலையில வந்துடுங்க" என்று பெண்ணின் அப்பா குப்புராசு சொல்லியிருந்தார். எந்தக் காலை என்று சொன்னாரா? இல்லையே!

குப்புராசுக்கு வந்ததே கோபம். "முகூர்த்தத்துக்கு மட்டும் பிந்திப் பாருங்க. எங்க அக்கா மவன் வேட்டி கட்டித் தயாரா நிப்பான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கலியமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. தையல்நாயகியை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்று அவன் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

படகு வேகமாகப் போனால் கவலையில்லை என்று, டவுனில் இன்ஜின் வேலை பார்க்கும் ஜபருல்லா பாயிடம் போனான். துணைக்கு ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் நாட்டாரான பெரியப்பா அஞ்சப்பனும், படகு ஓட்டும் சிங்காரமும் போனார்கள். பாய் ஏதோ ஒரு பழைய வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த சூப்பர்சார்ஜரைப் படகின் பெட்ரோல் இன்ஜினில் மாட்டிக் கொடுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். நல்ல மனிதர், விளக்கமும் சொன்னார்.

"இது காத்தை வெளியிலேருந்து உள்ள திணிக்கும். இன்ஜின் ஏற்கெனவே ஒன்பது பங்கு காத்தை ஒரு பங்கு இடத்துல அமுக்குது. ஒரு படகுல ஒன்பது பேரு நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்குங்க. அதுக்கு மேல திணிச்சா தாங்குமா? அதான் இன்ஜின் மூடிக்கு அடியில தடிமனான கேஸ்கட் தகடு வச்சு, இடத்தைக் கூட்டி, எட்டா குறைச்சிருக்கேன். எட்டுக்கு ஒண்ணு. புரியுதா?"

"புரியுது பாய். ஒன்பது பேரு ஆகாது. எட்டுதான்" என்றார் அஞ்சப்பன்.

"அடுத்தது பெட்ரோல். ஆக்டேன் கூடினதா ஊத்துங்க. அது பொறுமைசாலி. எவ்வளவு அமுக்கினாலும் பொறி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கும். மண்ணெண்ணெய் முன்கோபி. அமுக்கினதுமே வெடிச்சிடும். இன்ஜின் டொக்கு டொக்குன்னு தட்டும். தட்டினா நெருக்கம் தாங்கலைன்னு அர்த்தம். உடனே நிறுத்திடணும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். பாய் நிம்மதியாகத் தொழுகைக்குப் போனார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஊர் கூடியது.

"பொண்ணு பாக்கவே நாலு பேரு போனோம். பெட்ரோலைப் பாக்காம ஊத்திடலாமா?" என்றார் அஞ்சப்பன்.

"பொறுமைசாலியா இல்லையான்னு எப்படிங்க பாக்கறது?" என்றான் சிங்காரம்.

"திட்டிப் பாக்கறதுதான். எவனுக்குப் பொறுமை இருக்குன்னு திட்டினா தெரிஞ்சுடும்."

ஒரு குண்டானில் உயர்ந்த ரகப் பெட்ரோலையும், இன்னொன்றில் மண்ணெண்ணெயையும் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். மூடி போட்டால் காது கேட்காது என்று திறந்தே வைத்தார்கள். பிறகு ஊரே முறை வைத்துக்கொண்டு திட்டியது. ஓர வஞ்சனை கூடாது என்று இரண்டையும் ஒரே மாதிரி திட்டினார்கள். கலியமூர்த்திக்குத் திட்ட வராது. "எருமை" என்று சொல்லிவிட்டு, உடனே இரண்டு குண்டானிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

சாயங்காலம் பார்த்தால் மண்ணெண்ணெய் அப்படியே இருந்தது. பெட்ரோல் பாதிக்குமேல் காணோம்.

"பாத்தீங்களா? ரோஷம் தாங்காம எழுந்து போயிடுச்சு. மண்ணெண்ணெய் பாருங்க, இவ்வளவு பேச்சு வாங்கியும் அசையல. பாய் ஆளைத் தெரியாம மாத்திச் சொல்லிட்டாரு" என்றார் அஞ்சப்பன்.

பாவம் மண்ணெண்ணெய், வீணாகக் கெட்ட பேர் வாங்கியிருக்கிறதே என்று எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. அதைத்தான் டேங்கில் ஊற்றினார்கள்.

மறுநாள் காலை படகு கிளம்பியது. பாய் ஓட்டிப் பார்த்த பெட்ரோல் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் கழியில் பாதி தூரம் பறந்தது. பட்டு வேட்டி படபடக்க முன்னால் உட்கார்ந்திருந்த கலியமூர்த்திக்கு, தையல்நாயகி கைக்கு எட்டிவிட்டாள் என்றே தோன்றியது. அப்போது இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. டொக்கு, டொக்கு, டொக்கு.

"நிறுத்து!" என்றார் அஞ்சப்பன். "நெருக்கம் தாங்கல. எத்தனை பேருடா இருக்கோம்?"

ஒன்பது பேர் இருந்தார்கள்.

"பாய் வாயில சர்க்கரையைப் போடணும்! ஒருத்தர் இறங்கணும். யாரு?"

"நான் இறங்கினா படகை யாரு ஓட்டறது?" என்றான் சிங்காரம்.

"தாலி எங்கிட்ட இருக்கு" என்றார் அஞ்சப்பன்.

ஒருவரிடம் கூறைப்புடவை இருந்தது. ஒருவர் மாலை வைத்திருந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் மெதுவாக ஒரே இடத்துக்கு வந்து நின்றது. மாப்பிள்ளை மட்டும்தான் கையை வீசிக்கொண்டு சும்மா இருந்தான்.

"கல்யாணத்துக்கு ஒரு வேலையும் செய்யாம வர்ற ஆளு நீ ஒருத்தன்தான் தம்பி" என்றார் பெரியப்பா.

கலியமூர்த்திக்கு அதில் ஒரு குற்றமும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து மணல்திட்டில் இறங்கிக்கொண்டான். "கல்யாணம் முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போறோம்!" என்று கத்தியபடி அவர்கள் போனார்கள்.

தனியாக நின்றபோதுதான் அவனுக்கு, வேட்டி கட்டித் தயாராக நிற்கும் குப்புராசின் அக்கா மகன் ஞாபகம் வந்தான். நான் இல்லாமல் கல்யாணம் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, வாய்விட்டே அழுதான்.

அந்த வழியாகச் சின்னத் தோணியில் ஒரு நண்டுக்காரர் வந்தார். "பட்டு வேட்டியோட இங்க என்ன தம்பி பண்ற?"

"நெருக்கத்தைக் குறைக்க இறங்கியிருக்கேன். கழிமேட்டுல எனக்குக் கல்யாணம்."

"அங்கதான் போறேன். ஏறிக்க."

"உங்க இன்ஜின் தட்டுமே?"

"எனக்கு ஏது இன்ஜின்? துடுப்புதான்."

தைரியமாக ஏறிக்கொண்டான். நண்டுக்காரருக்குக் குறுக்கு வாய்க்கால் தெரியும். மாப்பிள்ளை முதலில் வந்து இறங்கிவிட்டான். குப்புராசு அசந்துபோய் அவனை மணையில் உட்காரவைத்தார். தையல்நாயகி தலையைக் குனிந்தபடி ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். ஆனால் தாலியைக் காணோம். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

கடைசி நேரத்தில் படகு வந்தது. உள்ளே ஆளே இல்லை. சீர்த்தட்டுகள் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. எட்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"எட்டுக்கும் தட்டுச்சு, ஏழுக்கும் தட்டுச்சு. எல்லாரும் இறங்கின பிறகுதான் இன்ஜின் சத்தமே போடல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே பந்தலுக்குள் வந்த அஞ்சப்பன், மணையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கலியமூர்த்தி! நீ இங்க இருக்கியா?"

"ஆமா பெரியப்பா."

"அப்ப மணல்திட்டுல நிக்கிறது யாரு?"

கலியமூர்த்திக்குத் திக்கென்றது. இதை அவன் யோசிக்கவே இல்லை. "ஐயோ, அவனுக்கும் இன்னிக்குத்தானே கல்யாணம்! வெயில்ல நிப்பான் பெரியப்பா. நான் போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று எழுந்தான்.

தையல்நாயகி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "எனக்கு இந்த ஒருத்தரே தாராளம். முதல்ல தாலியக் கட்டச் சொல்லுங்க" என்றாள். சொன்னால் தட்டமாட்டானே, கட்டிவிட்டான். கெட்டிமேளம் பந்தலைத் தூக்கியது.

சாயங்காலம் பெண்ணைப் படகில் ஏற்றித் தள்ளிக்கொண்டு திரும்பும்போது மணல்திட்டில் படகை நிறுத்தச் சொன்னான். அங்கே யாருமில்லை. அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாழையிலையில் லட்டும் முறுக்கும் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கிளிஞ்சலையும் வைத்துவிட்டு, கழி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"தம்பி, தப்பா நெனச்சுக்காதே! நேரமாயிடுச்சேன்னு நானே கட்டிட்டேன்!"