டப்பாவுல இருந்த கேபிள்

செவ்வந்திகிட்ட செகண்ட் ஹேண்ட் ஆம்ப்ளிஃபயர் இருந்துச்சு. இன்னும் வாங்க வேண்டியது ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான். கையில இருந்த காசும் அதுக்கு மட்டுந்தான். ஆனா கடைக்காரர் தணிகாசலம், ஊர்லயே தனக்கு மட்டுந்தான் காது இருக்குங்கிற நெனப்புல, ஒத்தக் கால்ல நின்னாரு.

"தங்க முலாம் கேபிளும் சேத்து வாங்குனாத்தான் ஸ்பீக்கர் தருவேன். சாதா ஒயர்ல கேட்டா தகர டப்பாதான் பாப்பா."

"அப்ப கண்ண மூடுங்கண்ணே. சாதா ஒயர்ல ஒரு தரம், உங்க கேபிள்ல ஒரு தரம் போடுறேன். வித்தியாசம் இருந்தா வாங்கிக்கிறேன்."

ஒரே பாட்டு ரெண்டு தரம் ஓடுச்சு. ரெண்டாவது தரம் அவரு தலைய ஆட்டிக்கிட்டே, "இப்பதாம்மா பாடுறவ மூச்சு விடுறதே கேக்குது"ன்னாரு.

"கேபிள நான் இன்னும் டப்பாவுலேர்ந்தே எடுக்கலண்ணே."

கடையே சிரிச்சுச்சு. தணிகாசலம் கண்ணத் தொறக்காமலே, "ஸ்பீக்கருக்கு மட்டும் பில்லு போடுங்கப்பா"ன்னாரு.

அவரு கண்ணத் தொறக்குறப்ப, செவ்வந்தி ரெண்டு ஸ்பீக்கரையும் மடியில வச்சுக்கிட்டு அப்பாடான்னு பஸ்ல உக்காந்திருந்தா.